பிடுங்கிய டேப் பொத்தான்

ஃபிஜியின் சூவா நகரத்தில், எங்கள் கால் சென்டரில் எல்லா கீபோர்டிலிருந்தும் டேப் பொத்தானை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார் சூப்பர்வைசர் ருசியாட்டே. ஆல்ட்டோடு அதையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ மாறிவிடுமாம். நாங்கள் வேலையை விட்டுவிட்டு ரக்பி பார்க்கிறோமாம். மௌஸால் மாற்றவும் வழியில்லை, திரையின் கீழ்ப்பட்டையை முன்பே மறைத்துவிட்டார்கள். மகா பாவி! ஆனால் பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஹேர்பின்னால் அதைக் குத்தினால் போதும்.

அவருடைய கடற்கரை ஊருக்கும் என் மலை ஊருக்கும் கேலி முறை. மேலதிகாரியானாலும் வாரலாம், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொண்டால்தான் தப்பு. அன்று காலை நான் நுழைந்ததுமே ஆரம்பித்தார்.

"என்ன கினிசிமெரே, உன் புருஷன் சவுசவு ஊர்லேருந்து கப்பல்ல வர்றானாமே? உங்க மலைக்காரப் பயலுக்கு வாளித் தண்ணியிலகூட நீச்சல் வராதே!"

"நீங்க மட்டும் என்னவாம்? தொண்டையில மீன்முள்ளு சிக்கினா ஊரையே கூட்டுற ஆளு!"

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்து மணிக்கு எல்லாம் மாறிப்போனது. வடக்கே போகும் என்று சொன்ன புயல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. என் புருஷன் பிலிமோனியின் போன் அணைந்து கிடந்தது. துறைமுகத்தில் யாரும் எடுக்கவில்லை. நல்லவேளை, கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடத்தை வேலைக்கு உட்காருமுன்பே திறந்து வைத்திருந்தேன். அவன் வரும் கப்பல் அதில் ஒரு பச்சைப் புள்ளி.

காதில் பிரிஸ்பேன் அம்மாள் ஒருத்தி. வாஷிங் மெஷின் இன்னும் வரவில்லையாம். குத்தினேன், புள்ளி. குத்தினேன், அந்த அம்மாளின் ஆர்டர். மறுபடி குத்தினேன். புள்ளி நகரவில்லை. பக்கத்தில் 'கடைசித் தகவல்: இரண்டு மணி ஐம்பது நிமிடம் முன்பு' என்றிருந்தது.

"ஃபிஜியில இருந்தா பேசுற? அங்க கடல் ரொம்ப அழகா இருக்குமே!"

"ஆமாம்மா. ரொம்ப அழகு."

எப்படி அந்தப் பேச்சை முடித்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தால் பின்னால் ருசியாட்டே. என் கையில் ஹேர்பின். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார். சட்டைப் பையைத் துழாவி ஒரு டேப் பொத்தானை எடுத்து என் கீபோர்டில் வைத்து அமுக்கினார். அது சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தார்.

"இன்னொரு தடவை அழுத்திப் பாரு."

அழுத்தினேன். ஆர்டர் வந்தது. அழுத்தினேன். அதே புள்ளி, அதே இடம்.

"இன்னும் ஒருவாட்டி."

ஆர்டருக்குப் போய்த் திரும்பினேன். இப்போது 'மூன்று மணி நேரம் முன்பு' என்றது. வெளியே காற்று கதவைப் போட்டு உலுக்கியது.

"சார், ஏதாவது சொல்லுங்க. மலைக்காரனுக்கு நீச்சல் வராதுன்னு சொல்லுங்க. நான் பதிலுக்குத் திட்டுறேன்... காலையில சொன்னீங்களே, சொல்லுங்க சார்!"

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பை அவரே அமுக்கினார்.