சாயம் வைத்த அம்பு

அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுக்கு விலை முடிந்ததும் பெருமாள்சாமி செய்கிற முதல் வேலை, டப்பாவில் விரலைத் தோய்த்து அதன் முதுகில் சிவப்புச் சாயம் இழுப்பது. திரும்பிப் பணம் எண்ணுவதற்குள் கொழுத்த கிடாய் இளைத்துப்போகிற அதிசயத்தை அவர் நிறையப் பார்த்தவர்.

அப்பேர்ப்பட்டவர்தான் 2007-இல் ஒரு திங்கட்கிழமை, ஆடு ஏற்றப் பழைய வண்டி ஒன்று வாங்க வைத்திருந்த நாற்பதாயிரத்தோடு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் சார்லஸின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். பங்குச் சந்தைக்குக் குறி சொல்லும் மென்பொருள் விற்பவன் சார்லஸ். பச்சை அம்பு வந்தால் வாங்கு, சிவப்பு வந்தால் வில், அவ்வளவுதான். பணப்பையோடு பக்கத்தில் மனைவி பொன்னழகு. ஆடுகளுக்கு நடுவே வாடகை வண்டியில் குந்தி வருவது இந்த மாசத்தோடு ஒழிந்தது என்று நம்பியிருந்தவள்.

“போன மாசத்தப் பாருங்கண்ணே. அம்புட்டுப் பள்ளத்துலயும் பச்சை, அம்புட்டு மேட்டுலயும் சிவப்பு. ஒண்ணாச்சும் தப்பா?”

தப்பே இல்லை. பெருமாள்சாமிக்கு வாயூறியது. “வண்டி எங்க போகுது? இதுல சம்பாதிச்சு ரெண்டா வாங்கிருவோம்.”

“ஒண்ணுக்கே வழியக் காணோம்” என்றாள் பொன்னழகு.

அன்றைய விலைக்கோடு திரையில் இடமிருந்து வலமாக ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பொசுக்கென்று ஒரு பச்சை அம்பு முளைத்தது. பெருமாள்சாமியின் மனசு முடிவுக்கு வந்துவிட்டது. மனசு முடிவுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. மடியிலிருந்த சாய டப்பாவைத் திறந்தார், திரையில் அம்பின்மேல் ஒரே இழுப்பு.

“அண்ணே, மானிட்டருண்ணே!”

“வெல முடிஞ்சா அடையாளம் போடணும்ல அப்பு. வா, டீ குடிச்சுட்டு வந்து பணத்த வாங்கிக்க.”

திரும்பி வந்தபோது கோடு இன்னும் சறுக்கியிருந்தது. சாயம் வைத்த இடத்தில் சாயம் இருந்தது, அம்பைக் காணோம். நாலு விரற்கடை தள்ளி, புதுப் பள்ளத்தில் அது சமர்த்தாக நின்றது.

“ஏம்ப்பா, நான் வாங்குன அம்பு எங்க?”

“வெல எறங்கிருச்சுல்ல, அது தன்னத் திருத்திக்கிருச்சுண்ணே.”

“அப்ப போன மாசத்து அம்பெல்லாம்? அதுகளும் நடந்து வந்து நின்னதுகதானா?”

சார்லஸ் மேசையைத் திறந்து வேறொரு சிடியைத் தேடி எடுத்தான். பொன்னழகு பையை இறுக்கிக்கொண்டாள்.

“நகராதது ஒண்ணு இருக்குண்ணே” என்றான். “வெல திரும்புன பெறகுதான் காட்டும். காட்டுனா காட்டுனதுதான். எட்டாயிரம். எவனும் கேக்குறதில்ல.”

“போடு, பாப்போம்.”

மூன்றரைக்குச் சந்தை முடிவதற்குள் ஏழு அம்புகள் வந்தன. வர வரச் சாயம் வைத்தார். ஒன்றுகூட அசையவில்லை. நாலு சரி, மூணு தப்பு. தப்பானவையும் தப்பான இடத்திலேயே கூச்சமில்லாமல் நின்றன.

“யோக்கியமான உருப்படி. பாதி தப்புக்குப் பாதி வெல, நாலாயிரம்.”

“சரிண்ணே.”

மறுபேச்சில்லாமல் வந்த அந்தச் ‘சரி’ பெருமாள்சாமிக்கு உறுத்தியது. இரண்டாயிரத்தில் ஆரம்பித்திருக்க வேண்டுமோ?

பொன்னழகு எழுந்தாள். “ஏழுக்கு நாலு சரியாப் பாக்க அம்பு எதுக்கு? ஆட்டுல நீங்க ஏழுக்கு ஆறு பாப்பீக.”

அவர் சாய டப்பாவை மூடுவதற்குள் அவள் பையோடு பாதிப் படி இறங்கியிருந்தாள்.

“வண்டி விக்கிறவன் அஞ்சு மணிக்குக் கடையச் சாத்திருவான். வாரீகளா, இல்ல நானே வெல பேசிக்கிறவா?”

அவள் பேசினால் அடிமாட்டு விலைக்கு முடித்துவிடுவாள். அந்தப் பெருமை தனக்கு வேண்டுமென்று பெருமாள்சாமி செருப்பை மாட்டாமலே ஓடினார்.