பின்பக்கத்து ஐந்து

என்னிடம் பதினொரு கோழிகள் இருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் ஆறு போய்விட்டன. முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, ஒவ்வொன்றாகச் செத்தன. மிச்சம் ஐந்து நன்றாகத்தான் திரிந்தன. ஆனால் கால்நடை டாக்டர் தலையை ஆட்டினார்.

"பொழைச்சதுன்னு நம்பாதீங்கம்மா. நோய் உள்ளேயே இருக்கும். புதுசா எதையும் இதுங்களோட சேர்க்காதீங்க. சேர்க்கணும்னா இந்த அஞ்சையும் ஒழிச்சுட்டு, கூண்டைக் கழுவிக் காயப்போட்டுட்டுத்தான்."

துணிக் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளுக்கு, ஐந்து கழுத்தைத் திருகத் தெம்பு ஏது? மனசும் வரவில்லை. விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, கணவர் போன பிறகு தனியாக இருக்க முடியாமல் வீட்டை விற்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார். மாடியில் கோழி வளர்க்க விடுவார்களா? தன் கோழிகள் ஏழையும் இரண்டு கூடைகளில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"நீ இருக்கேங்கற தைரியத்துலதான் வீட்டையே வித்தேன்" என்றார். அதற்குமேல் நான் எங்கே வாயைத் திறப்பது?

"அக்காகிட்ட நோய்கீய்னு ஆரம்பிக்காதே. ஏற்கெனவே நொந்து போயிருக்கா" என்று அடுப்படியில் கிசுகிசுத்தார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, ஒரு நாள் ஒரு பிடி தீனி போட்டிருப்பாரா?

"புது இடம் பழகட்டும் அண்ணி. உடனே சேர்த்தா கொத்திக்கும்" என்று சொல்லிவைத்தேன். ஏழும் முன்பக்கம், ஐந்தும் பின்பக்கம். முதலில் புதுசுக்குத் தீனி, அப்புறம்தான் பழசுக்கு. பின்பக்கத்துக்கென்று தனிச் செருப்பு, தனி வாளி, தனித் தட்டு. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் தோற்றாள் போங்கள்.

இப்படி இருபத்தைந்து நாள் ஓடியது. அன்று கம்பெனியில் கரன்ட் போய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் அண்ணி பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் கறுப்புக் கோழி.

"என் புள்ளைங்களை மட்டும் கொஞ்சிட்டுப் போனா இதுங்க மனசு என்ன பாடுபடும்? அதான் நீ வேலைக்குப் போனதும் தினம் வந்து இங்க கொஞ்ச நேரம், அங்க கொஞ்ச நேரம் இருப்பேன். இதுங்க தின்னு மிச்சம் வெச்சதையும் வீணாக்க மாட்டேன், அங்க கொண்டுபோய்ப் போட்டுடுவேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "வேலை அதிகமா?" என்று அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியின் வெள்ளைக் கோழிக்கு முகம் வீங்கி, கண்ணில் நுரை கட்டியிருந்தது. அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ, நான்தான் நோயைக் கொண்டுவந்து உன் வீட்டுல இறக்கிட்டேன். உன்னோடது அஞ்சும் நல்லா இருக்கு. அதுங்களுக்கு ஒட்டறதுக்குள்ள என் ஏழையும் முடிச்சுடும்மா. எனக்காகப் பார்க்காதே. என்னை மன்னிச்சுடு."

தலையாட்டியிருந்தால் போதும். வேலையும் பாதியாகக் குறைந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கைக்குட்டையால் கோழியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க கோழி கொண்டுவரலை அண்ணி. என்னோடதுதான். மழையில ஆறு செத்துச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கோழியின் முதுகைத் தடவினார்.

"தம்பிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

கோழியை என் கையில் கொடுத்தார். "இனிமே பிரிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது. எல்லாத்தையும் ஒண்ணாவே விட்டுடு. உனக்கும் வேலை குறையும்" என்றார். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல், கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.