காற்று வாங்கிய காத்தாடி

சாயங்காலமானால் புதுச்சேரியில் பாதி ஊர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும். சுண்டல் தின்று, அரசியல் பேசி, வாங்கிய காற்றை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பும். குருசுக்குப்பத்தில் சகாயசெல்வி ஒருத்திதான் அந்தக் காற்றிடம் வேலை வாங்கப் பார்த்தாள்.

காற்றுக்குப் பஞ்சமில்லை. மோட்டார்தான் வேண்டியிருந்தது. அதுவும் வீட்டிலேயே ஈரத் துணிகளுக்கு அடியில் கிடந்தது. பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த நாத்தனார் ரூபி, உடம்பைக் குறைக்க வேண்டுமென்று இங்கே ஒரு டிரெட்மில் வாங்கினாள். ஒரு வாரம் ஓடினாள். பிறகு டிரெட்மில்லுக்கும் பிரியாணிக்கும் நடந்த போட்டியில் பிரியாணி ஜெயித்தது. ரூபி விமானம் ஏறினாள். டிரெட்மில் துணி காயப்போடும் ஸ்டாண்டாகப் பதவி ஏற்றது.

செல்வி ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவள். கம்பெனியை மூடிவிட்டார்கள், கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அடக்கம் என்கிற குணத்தை ஆண்டவர் அவளுக்குக் கொடுக்க மறந்துவிட்டார், அவளும் போய்க் கேட்கவில்லை. டிரெட்மில்லைப் பிரித்தாள். உள்ளே காந்தம் வைத்த மோட்டார். கரண்டு கொடுத்தால் சுற்றும். சுற்றிவிட்டால் கரண்டு கொடுக்கும். பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கை செய்தாள். பழைய தகரத் தட்டு வாலாயிற்று. சேமித்து வைக்க இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு டயோடு. கரண்டுக்கு அது ஒன்வே. மோட்டாரிலிருந்து பேட்டரிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. வந்தால் பேட்டரியே மோட்டாரைச் சுற்றிவிடும். காற்றிலிருந்து கரண்டு எடுக்க வேண்டிய காத்தாடி, கரண்டைத் தின்று காற்று வீசுகிற ஃபேனாகிவிடும்.

தரையில் வைத்துக் கையால் சுற்றியபோது பல்பு எரிந்தது. இனி காற்றில் எரிய வேண்டும். அதைத் தெரு பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, “இது செல்வி செஞ்சது” என்று சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

இந்த ஆசைக்குக் குறுக்கே நின்றவர் கட்டிய கணவர் அலெக்சாண்டர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், தெரு நலச்சங்கத்தின் செயலாளர். தெருவிளக்குக்குப் புது பல்பு மாட்டினால்கூட ரிப்பன் வெட்டாமல் அதை எரியவிட மாட்டார். செல்வி பைப் அறுத்த நாளெல்லாம், குப்பையை மாடியில் ஏற்றாதே என்று திட்டிக்கொண்டிருந்தவர், காத்தாடி கம்பத்தில் ஏறியதும் அண்ணாந்து பார்த்தார். பார்த்த கண்ணுக்குக் காத்தாடி தெரியவில்லை, மேடை தெரிந்தது. “நாம இத சும்மா விடக் கூடாது” என்றார். அந்த “நாம”வைச் செல்வி கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா, அதுவரை இறக்கையைக் கயிற்றால் கட்டி வைப்பது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு வையுங்கள், அப்போதுதான் கடல்காற்று நன்றாக இருக்கும் என்று செல்வி சொன்னாள். அலெக்சாண்டர் நாட்காட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சண்டே அஞ்சு மணி ராகு காலம்.”

“நாம கிறிஸ்டியன்ஸ்ங்க.”

“நாம கிறிஸ்டியன்ஸ். ராகு கிறிஸ்டியனா?”

ஆகவே பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் காலை நேரமே குறிக்கப்பட்டது. இரவெல்லாம் அடித்த கரைக்காற்று படுத்துவிட்ட, கடல்காற்று இன்னும் எழுந்திருக்காத நேரம். ராகுவிடமிருந்து தப்பினார்கள், காற்றும் தப்பிவிட்டது.

மாடியில் பந்தல், நாற்காலிகள், கம்பத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். பேனரில், “பசுமை மின்சாரத் திட்டம், துவக்க விழா” என்று எழுதி அலெக்சாண்டரின் படத்தைப் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலு பேரின் படமும் இருந்தது. அவர்கள் யாரென்று அச்சடித்தவனுக்கே தெரிந்திருக்காது. கீழ் ஓரத்தில், பூதக்கண்ணாடி கொண்டு வந்தவர்களுக்காக, “உதவி: திருமதி அலெக்சாண்டர்” என்று ஒரு வரி. செல்வி அதைப் படித்தாள். சேலை மாற்றக் கீழே போனாள்.

சிறப்பு விருந்தினர் கலியமூர்த்தி ஏதோ ஒரு வாரியத்தின் முன்னாள் துணைத் தலைவர். கார் முகப்புப் பலகையில் “துணைத் தலைவர்” யானை அளவிலும் “முன்னாள்” கொசு அளவிலும் இருக்கும். அவருடைய கார் தெருமுனையில் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தபோது காத்தாடி சிலைபோல நின்றது. அலெக்சாண்டருக்கு வேர்த்தது. மைக்செட் போட வந்த ஆனந்தராஜைக் கூப்பிட்டு, ஏதாவது செய் என்றார். ஆனந்தராஜ் பேட்டரியிலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனான். நடுவில் இருந்த டயோடில் கை நின்றது.

“இதாண்ணே அடச்சிக்கினு கீது” என்று அதைப் பிடுங்கி, ஒயரை நேராக முறுக்கிவிட்டான்.

காத்தாடி சுற்றியது. அலெக்சாண்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

விழா அமர்க்களப்பட்டது. தமக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும், அதாவது “போன்ழூர் முசியே” என்ற ஒரு வணக்கத்தை, அலெக்சாண்டர் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டுத் தமிழில் தொடர்ந்தார். இத்திட்டத்தை நாங்கள் தீட்டியபோது, நாங்கள் உழைத்தபோது, நாங்கள் தூக்கமிழந்தபோது என்று அடுக்கினார். கலியமூர்த்தி ரிப்பனை வெட்டினார். கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில், பக்கத்து வீட்டு மீன்காரி கண்ணகி எழுந்து நின்று மரங்களைப் பார்த்தாள்.

“ஓலகூட அசையல. இது எப்புடி சுத்துது?”

கலியமூர்த்தி அதையே பிடித்துக்கொண்டார். உலகத்தில் மற்ற காற்றாலைகளெல்லாம் காற்றடித்தால்தான் சுற்றும். காற்றே இல்லாமல் சுற்றும் காற்றாலை நம் புதுச்சேரியில்தான் என்று முழங்கினார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது.

செல்வி தட்டவில்லை. அவள் கண் காத்தாடியிலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து ஒயருக்கும், ஒயரிலிருந்து தரையில் கிடந்த டயோடுக்கும் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணகி, “செஞ்சது அவங்க, சால்வய யாருக்குப் போடறீங்க?” என்று கேட்டாள். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அலெக்சாண்டருக்காக விரித்திருந்த சால்வையோடு கலியமூர்த்தி செல்வியின் பக்கம் திரும்பினார். அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஜரிகை போட்டு எதிரே வந்து நின்றது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து வாங்கிக்கொண்டால் போதும். ஒரு கணம் கழுத்தும் கொஞ்சம் குனிந்துவிட்டது.

பிறகு நிமிர்ந்தாள்.

“சார், சால்வயக் கொஞ்சம் கையில வச்சிக்கங்க” என்று சொல்லி, பேட்டரியின் கிளிப்பைக் கழற்றினாள். காத்தாடி தளர்ந்து நின்றது. “இது கரண்டு எடுக்கல சார், கரண்ட தின்னுது. நான் செஞ்சது காத்தாடி. இவங்க அத ஃபேன் ஆக்கி வச்சிருக்காங்க.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. கலியமூர்த்தி, நல்ல முயற்சி, தொடர வேண்டும் என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். சால்வை மடித்தபடி அவருடைய காரிலேயே ஏறிக்கொண்டது. படியிறங்கும்போதே “ஃபேன் செல்வி” என்ற பட்டப்பெயரும் பிறந்துவிட்டது. ஆனந்தராஜ் மைக்கைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

“ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்ட” என்றார் அலெக்சாண்டர்.

“காத்து இல்லாம சுத்துனதுக்கே சால்வ போட்டா, காத்துல சுத்துறப்ப எனக்கு இன்னா போடுவீங்க?”

அவர் கீழே போய்விட்டார். மட்டன் குழம்பு வாசனை மாடிவரை வந்து கூப்பிட்டது. செல்வி போகவில்லை. டயோடைப் பொறுக்கித் துடைத்து, சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போதைக்குப் பேட்டரி வேண்டாம். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது. மோட்டாரின் ஒயரை நேராகப் பல்பில் கொடுத்தாள். பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சுற்றாமல் போனால் என்ன செய்வது என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. ஃபேன் செல்வி என்று கல்லறையில்கூட எழுதுவார்கள்.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு, எதிர் மாடிக் கொடியில் ஒரு லுங்கி அசைந்தது. அடுத்துத் தென்னை ஓலை. தகர வால் கிறீச்சிட்டுத் திரும்பி, காத்தாடியின் முகத்தைக் கடலுக்குக் காட்டியது. இறக்கை ஒரு சுற்றுச் சுற்றித் தயங்கியது. மறுபடி ஒரு சுற்று. பிறகு மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வட்டமாயின. கம்பத்தின் அதிர்வு நாற்காலி வரைக்கும் வந்தது.

செல்வி பல்பைப் பார்த்தாள். வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு கையையும் குவித்து அதன்மேல் கவிழ்த்து, இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்த்தவுடன் மாடிச் சுவரோரம் போய், “கண்ணகி, மேல வா” என்றாள். அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

கண்ணகி வந்தாள். முதலில் மரங்களைப் பார்த்தாள், அடுத்துக் கழன்று கிடந்த பேட்டரி கிளிப்பைக் காலால் நகர்த்திப் பார்த்தாள், கடைசியில்தான் கையைக் குவித்தாள்.

“எரியுதுக்கா” என்றாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நல்லாவே எரியுது.”

கண்ணகி ஒரு சேதியை அறிந்தால் அதற்குத் தனியாக மைக்செட் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் வரிசை நின்றது. காலையில் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, குருவிக் குஞ்சைப் பொத்துவதுபோல் பல்பைப் பொத்திப் பார்த்தார்கள். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இறக்கை பைப்பு, மோட்டார் டிரெட்மில் என்று எல்லோருக்கும் அலுக்காமல் விளக்கினாள். கேட்காதவர்களுக்கும் விளக்கினாள்.

பனியனும் லுங்கியுமாக அலெக்சாண்டரும் வரிசையில் வந்தார். குனிந்து கையைக் குவித்தார். கையை எடுத்துவிட்டு மறுபடி குவித்துப் பார்த்தார். அடுத்த தெருவிலிருந்து வந்த முருகையன் காலை விழாவை அறியாதவர். “யாருங்க செஞ்சது இத?” என்று அலெக்சாண்டரிடமே கேட்டார்.

அலெக்சாண்டர் நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் தொண்டையைச் செருமினார்.

“செல்வி செஞ்சது. நான் ஆள வுட்டு அத ஃபேன்தான் ஆக்கனேன்.”

“நகருங்க,” என்றாள் செல்வி, “பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”