விதைத்தவளின் பேரில்

சண்டை முடிந்து ஊரில் மீளக் குடியேறிய இரண்டாவது காலபோகத்தில், மாரி மழைக்குக் குளக்கட்டு உடைந்தது. கதிர் தள்ளிநின்ற நெல்லை வெள்ளம் சரித்து, மேலே மணலையும் கொட்டிவிட்டுப் போனது. பாப்பாமோட்டையில் எல்லாருக்கும் அழிவுதான். ஆனால் அரசாங்கம் நட்டஈடு தரப்போகிறது என்று அறிவித்தபோது, இராசேஸ்வரிக்கு மட்டும் அது இல்லையென்றாகியது. வயல் அவள் கணவர் பாலசிங்கத்தின் பேரில் இருந்தது. அவர் கடைசிச் சண்டையில் காணாமற்போனவர்.

நட்டஈட்டுக்குப் பதியும் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளைதான். கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார்.

"அம்மா, அவற்ரை மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

"அவர் செத்தவர் எண்டு ஆர் சொன்னது?"

"காணாமப்போன ஆக்களுக்கு இப்ப லேசாக் குடுக்கினம், அம்மா."

"குடுப்பினம். நான்தானே கையெழுத்து வைக்கவேணும்? எனக்கே தெரியாத ஒண்டுக்கு எப்பிடித் தம்பி வைக்கிறது?"

அப்படியென்றால் காணிக்காரர்தான் வரவேண்டும் என்றார் அவர். இராசேஸ்வரி எழும்பவில்லை.

"நான் மனுசனுக்கு நட்டஈடு கேக்கேல்லை. பயிருக்குக் கேக்கிறன். உழுவிச்சதும் நான், விதைச்சதும் நான்."

வீட்டில் மகள் கீர்த்திகா வெடித்தாள். "அது வெறும் கடதாசி, அம்மா! அப்பா வந்தால் கிழிச்செறியலாம்."

"இண்டைக்குக் கையெழுத்து வைச்சிட்டு, நாளைக்கு அவரைத் தேடித் தாங்கோ எண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, பிள்ளை?"

"அப்ப என்னத்தை விதைக்கப் போறியள்?"

இராசேஸ்வரி எழும்பிப் போய் அடுப்பை மூட்டினாள்.

காலையில் கமக்காரர் அமைப்பின் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் வீட்டுக்குப் போனாள். அவருடைய வயல் அவளுடையதற்கு அடுத்தது. விசயத்தைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"உமக்காகக் கதைக்கப்போய், எல்லாற்ரை காசும் இழுபட்டால் சனம் என்னைச் சும்மா விடுமோ, தங்கச்சி?"

"அண்ணை, கட்டு உடைச்ச அண்டைக்கு உங்களோடை நானும் மண்மூட்டை சுமந்தனான். வயல் ஆற்ரை பேரிலை எண்டு அப்ப கேட்டனீங்களோ?"

கொன்ஸ்ரன்ரைன் உள்ளே போய்ச் சேட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

கந்தோரில் அவர் நின்றபடியே சொன்னார்: "ரெண்டு போகமா இந்த வயலைச் செய்யிறது இவதான். பக்கத்து வயல்காரன் நான் சொல்லுறன். எங்கையெண்டாலும் வந்து சொல்லுவன்."

உத்தியோகத்தர் மேலதிகாரியிடம் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் சற்றுத் தெளிந்திருந்தது. வயலை வந்து பார்த்து, அமைப்பும் உறுதிப்படுத்தினால் பயிர்செய்தவர் பேரிலேயே கொடுக்கலாமாம்.

"ஆனால் பிந்தும், அம்மா."

"பிந்தட்டும்."

பிந்தத்தான் செய்தது. ஊரார் வாங்கிச் செலவழித்தும் முடித்தார்கள். இராசேஸ்வரி கிழமைக்கொருக்கால் பஸ் ஏறிப் போய்க் கேட்டாள். வாசற் காவலாளி அவளைக் கண்டால் கேள்வியில்லாமலே படலையைத் திறந்துவிடுவார்.

ஒருநாள் காசு வந்தது. அழிந்ததற்கு அது காணாது; விதைநெல்லுக்குக் காணும். கந்தோரில் விவரம் எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிராமலே கேட்டாள்.

"விதவை எண்டு போடட்டோ, அம்மா?"

"இல்லை. கலியாணம் கட்டினவள் எண்டு போடுங்கோ."

பக்கத்தில் நின்ற கீர்த்திகா தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே நானாட்டான் கடையொன்றில் விதைநெல் வாங்கினார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் சொன்னாள்:

"இந்தமுறை விதைக்க நானும் இறங்கிறன்."

"விதைப்புப் பிறகு. முதல் மணலை அள்ளவேணும். நாளைக்கு விடிய வா."