இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்ற குரல்

கீபோர்டுக்காரர் சுருதி மாற்றும் பட்டனை அழுத்தினால் கருவி மட்டும் ஏறி இறங்காது. மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் குரலும் கூடவே ஏறி இறங்கும். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சேரி நேரத்தில் வியாபாரம் பேசக்கூடாது, குரல் கீச்சென்று போய்விட்டால் பேரம் படியாது என்பதோடு சரி. முடிந்ததும் பட்டனைச் சுழியத்துக்குக் கொண்டுவருவார். எல்லோரும் அவரவர் குரலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தப் பட்டன் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. சும்மா சொல்லக்கூடாது, வெள்ளைக் கட்டைகளில் விரல் பறக்கும்; கறுப்புக் கட்டை குறுக்கே வந்தால் தடுக்கி விழும். அதனால் எந்தச் சுருதியானாலும் பட்டனைத் தட்டிவிட்டு வெள்ளையிலேயே வாசித்துத் தள்ளினார். மடியில் வைத்து வாசிக்கிற பேட்டரி கீபோர்டில் ஆரம்பித்து, இரண்டு ஆள் தூக்கவேண்டிய சிந்தசைசர் வரைக்கும் வளர்ந்தார். குழுவில் பாடிய பெண்ணையே கட்டிக்கொண்டார்.

வினை வந்தது ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில். மனைவி மைக்கைப் பிடித்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். இவர் அடுத்த பாட்டுக்காகப் பட்டனை அழுத்தினார். சுருதி பாதி ஏறும்போதே கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது கருவி எல்லாவற்றையும் மறந்து சுழியத்தில் விழித்துக்கொண்டது. கூட்டத்தின் குரலும் கூடவே இறங்கிவிட்டது. மைக்கில் இருந்த அவள் குரல் மட்டும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பேசினால் தெரியாது. பாடினால் எந்தக் கட்டையோடும் ஒட்டாமல் பல் கூசும். அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டனை இறக்கிவைத்து வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். குரல் இறங்கியது, இறங்கிய இடத்திலும் நடுவில்தான் நின்றது. புதுக் கருவி வாங்கினார். அதைத் தள்ளிவிட்டு அதைவிடப் புதியது வாங்கினார். கம்ப்யூட்டரோடு இணைக்கிறது வந்தது, சுருதியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிற குமிழ் வைத்தது வந்தது. குமிழைத் திருப்பினால் கருவியோடு அவள் குரலும் அதே மயிரிழை நகர்ந்துகொண்டது; இடைவெளி அப்படியே இருந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின. அவருக்குப் பேரும் வந்தது, வெளியூர் மேடைகளும் வந்தன. வீட்டில் மட்டும் பாட்டுச் சத்தம் இல்லை.

டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் அண்ணன்தான் ஒருநாள் ஸ்குரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்:

"மாப்பிள்ளை, கட்டைன்னு இருக்கிற வரைக்கும் நடுவுன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். கட்டையையே தூக்கிடுவோம்."

பழைய கருவிகளின் வயிற்றைக் கிழித்து, ஒரு பலகையில் நீளமாக உலோகப் பட்டை ஒட்டி, புதிதாக ஒன்று செய்தார்கள். கட்டை கிடையாது, பட்டன் கிடையாது. விரல் வைத்த இடம்தான் சுருதி. வாசிக்க உட்கார்ந்த கீபோர்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். விரல் எங்கே நிற்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மனைவியே அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாயைத் திறந்து ஒரே ஸ்வரத்தைப் பிடித்தபடி விரலைக் கீழே இழுத்தாள். குரல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுடைய பழைய குரல் வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போதும் என்று கையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே போய் நின்றாள். அவர் கேட்டே இராத ஒரு குரல், கனமாக, மூச்சு முட்டாமல் வந்தது.

"இதுதான் என்னோடது" என்றாள்.

"அப்ப முன்னாடி பாடினது?"

"அது நீங்க வச்சது. மேடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் என்ன சுருதின்னு கேப்பீங்க. என்கிட்ட ஒருநாளும் கேக்கல."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

அடுத்த கச்சேரியில் அவள் வாசித்துக்கொண்டே பாடினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டார். மண்டபத்தில் இருந்தவர்களின் குரலெல்லாம் அவள் விரலோடு இறங்கி, தோதான இடம் வந்ததும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. பழைய குரலைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. இப்போது அந்த ஊரில் எல்லோரும் கொஞ்சம் தாழ்வாகத்தான் பேசுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் போனில் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை.