ஒன்பதாயிரம் இன்னும் காலியாகவில்லை

அலாஸ்காவில் மலைக்கு அந்தப் பக்கம் ரேடார் எட்டாது. அங்கே எந்த விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது விமானி வானொலியில் சொன்னால்தான் விமானக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் வெராவுக்குத் தெரியும். அவள் மேஜையில் விமானத்துக்கு ஒரு காகிதத் துண்டு, அதில் அதன் உயரம். "இந்த உயரத்தை விட்டுட்டேன்" என்று விமானி சொன்ன பிறகுதான் அந்த எண்ணைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த பிறகுதான் அந்த உயரத்தை இன்னொருவருக்குத் தரலாம்.

பகல் மூன்று மணி. சரக்கு விமானத்தில் எல்டன் ஒன்பதாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தார்.

"எல்டன், உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப அஞ்சாயிரத்துக்கு எறங்கிக்கலாம். ஒன்பதை விடுறப்ப சொல்லுங்க."

"சரிம்மா. தோணுறப்ப அஞ்சாயிரம், விடுறப்ப சொல்றேன். உனக்கு ஒரு சால்மன் எடுத்து வச்சிருக்கேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அந்த மீன் இன்னும் ஆத்துலதான் நீந்துது."

பக்கத்து இருக்கையில் அவளோடு வேலை செய்யும் டுவைட் சிரித்தான்.

அதே பாதையில் எதிரே கோரின் வந்தாள், பதினோராயிரத்தில். சின்ன விமானம். உள்ளே பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பிள்ளைகள் எட்டுப் பேர்.

"வெரா, றெக்கையில ஐஸ் கட்டுது. என்னைக் கீழ விடு, சீக்கிரம்."

எல்டன் அனுமதி கிடைத்த மறு நிமிஷமே இறங்கிவிடுகிற ஆள். ஆறு வருஷமாக அப்படித்தான். வெராவின் வாய் முந்திக்கொண்டது.

"ஒன்பதாயிரத்துக்கு வா, கோரின்."

"ஒன்பதாயிரம். பதினொண்ணை விட்டாச்சு."

கோரினின் துண்டில் பதினொன்றை அடித்தாள். பேனா பக்கத்துத் துண்டுக்குப் போனது. எல்டனுடைய ஒன்பது கோடு விழாமல் அப்படியே இருந்தது. அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். விட்டேன் என்று சொல்லவே இல்லை.

வானொலிப் பொத்தானை அழுத்தினாள்.

"கோரின், பத்தாயிரத்துல நில்லு! பத்தாயிரம்!"

பதில் இல்லை. நடுவில் மலை.

"எல்டன், எங்க இருக்கீங்க?"

இரைச்சல் மட்டும் வந்தது. டுவைட் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"வெரா, இப்பத்தாம்மா ஒன்பதை விடுறேன்," என்றார் எல்டன், சாவகாசமாக. "கீழ குலுக்கல் ஜாஸ்தி, அதான் மேலயே இருந்துட்டேன்."

அது அவருக்கு உள்ள உரிமை. வெரா கோரினைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். நாலாவது முறைதான் குரல் வந்தது. பின்னால் பிள்ளைகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பதாயிரத்துல இருக்கேன்," என்றாள் கோரின். "எங்க வயித்துக்குக் கீழயே ஒரு விமானம் போச்சு. அதோட கண்ணாடியில இருந்த துடைப்பான் தெரிஞ்சுது, வெரா. யாரு அது?"

டுவைட் அவள் காதருகே குனிந்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? ஐஸைப் பத்திக் கேளு, பேச்சை மாத்து."

வானொலியில் பேசுவது எல்லாமே பதிவாகும். வெரா பொத்தானை அழுத்தினாள்.

"அது எல்டன். அவர் விடாத உயரத்தை நான் உனக்குக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடது."

எல்டன், கோரின் இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்டனின் ஒன்பதை அடித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"டுவைட், என் எடத்துல உக்காரு. இன்னைக்கு இனிமே நான் யாருக்கும் உயரம் கொடுக்கக் கூடாது," என்று எழுந்தாள்.