மண்டை இல்லாத பெட்டி

மூத்தவள் கடைக்குள் நுழைந்தபோது இளையவன் அவளை முந்திக்கொண்டு போய்க் கண்ணாடி மேஜைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றிருந்தான். "நீ வரவேணாம்டா, நானே பாத்துக்கறேன்" என்று வீட்டிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதை எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

"அக்காவுக்கு ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேணும்" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நல்லதாக் காட்டுங்க. மேனேஜ்டு."

விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை இது. இணைய வயர் ஒன்று உள்ளே போனால் நாலைந்தாகப் பிரித்து வெளியே விடுகிற சின்னப் பெட்டி. போன மாதம்வரை மூத்தவளுக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. அதுவரை அவள் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடுப்புக்கு மேலே ஏதோ பிசகிவிட்டது. இனி கனம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அலைந்து திரிந்து வேறொரு வேலையைப் பிடித்திருந்தாள். லாரிக் கம்பெனி ஒன்று. வழியில் வண்டி நின்றுபோனால் டிரைவர் கூப்பிடுவான். அவள் வீட்டிலிருந்தபடியே பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அனுப்ப வேண்டும். லாரிக்காரர்களின் பேச்சும் ஏச்சும் அவளுக்குப் பழக்கம்தான். கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வைஃபை ஆகாது, வயர் வழியாகத்தான் லைன் வர வேண்டும். திங்கட்கிழமை காலையில் லைனைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் வேலை. தேறாவிட்டால் தம்பி வாங்கிப் போடும் அரிசியைத் தின்றுகொண்டு, அவன் சொல்வதையும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

அவன் சொல்வதைக் கேட்பது எப்படியிருக்கும் என்று அவள் ஏற்கனவே ருசி பார்த்தாகிவிட்டது. ரூட்டர் மாடியில் அவன் அறையில் இருக்கிறது. கனெக்‌ஷன் அப்பா பெயரில், ஆனால் அதிகாரம் இவனுடையது. பைக்கை வாசற்படியில் குறுக்கே நிறுத்தாதே என்று ஒருதரம் சத்தம் போட்டாள். அன்று சாயங்காலமே வைஃபைக்குப் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. அப்புறம் அவன் பின்னாலேயே நடந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினாள். அதை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

கடைக்காரர் பளபளப்பான பெட்டியொன்றை எடுத்து வைத்தார். "மேனேஜ்டுன்னா இதுதாம்மா, அருமையான சாமான். உள்ளே போய் செட்டிங் போடலாம். எந்த போர்ட்டுக்கு எவ்வளவு வேகம் குடுக்கணும், எதை நிறுத்தணும், எல்லாத்தையும் போன்லயே பண்ணிக்கலாம்."

"யாரு போன்ல?"

கடைக்காரர் இளையவனைப் பார்த்தார். இளையவன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான்.

"பாஸ்வேர்ட் யாருகிட்ட இருக்கோ, அவங்க போன்ல."

"அப்ப எனக்கு வேணாம். எடுத்து உள்ள வைங்க."

"அக்கா, உனக்கு இதப் பத்தி என்ன தெரியும்? இதுலதான் பாதுகாப்பு அதிகம். ஏதாவது கோளாறுன்னா அதுவே கண்டுபிடிச்சு அடைச்சிடும்."

"எனக்கு எதுவும் தெரியாதுடா. உன்னைத் தெரியும்."

கடைக்காரர் சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து சின்னதாக ஒன்றை உருவினார். "இது சும்மா டப்பாம்மா. கரண்ட் குடுத்து வயரைச் சொருகினா ஓடும். செட்டிங், பாஸ்வேர்ட் ஒண்ணும் கிடையாது. இதுக்கு மண்டையே இல்லன்னு வைங்களேன்."

"யாரு பெரிய ஆளு, யாரு சின்ன ஆளுன்னு இதுக்குத் தெரியுமா?"

"எதுல சொருகினாலும் ஒரே மரியாதைதான்."

"இத எடுங்க."

அப்புறம்தான் அவளுடைய கேள்விகள் தொடங்கின. உள்ளே விசிறி இருக்கிறதா, இரைந்தால் போனில் பேசுகிறவனுக்குக் கேட்குமே? விசிறி இல்லை. நாள் முழுக்க ஓடினால் சூடாகுமா? தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வயர் சொருகுகிற ஓட்டை, அதாவது போர்ட், ஐந்தா, எட்டா? "அஞ்சுன்னு போட்டிருந்தா நாலுன்னு கணக்கு வெச்சுக்கங்க" என்றார் கடைக்காரர். "மாடியிலேர்ந்து வர்ற வயரே ஒண்ணைப் பிடிச்சுக்கும்." அவளுக்கு ஒன்று, கூடத்து டிவிக்கு ஒன்று, கையிருப்பு இரண்டு. போதும். வேகத்தில் நூறு, ஆயிரம் என்று இரண்டு ரகம் இருந்தது. நூறு பழைய சங்கதி, அதைத் தலையில் கட்ட எனக்கே மனசு வரவில்லை என்று சொல்லி ஆயிரத்தையே கொடுத்தார். பிளாஸ்டிக் உடம்பா, தகர உடம்பா என்றதற்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

"தகரம். எங்க வீட்டுல யாராவது மிதிப்பாங்க."

வெளியே வந்ததும் இளையவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நாளைக்கு இது படுத்துக்கிச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன். எனக்குத்தான் முதுகு சரியில்லையே."

வயர் இழுக்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் குழாய் போட்ட மனிதர். மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கிய வயரை, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, குழாய்க்கு அடிக்கிற கிளாம்ப்பையே அடித்து நிறுத்தினார். அந்த இத்தனூண்டு வயருக்கு அந்தக் கிளாம்ப் அட்டகாசம். வயர் ஓடிவிடாமல் கைதி மாதிரி சுவரோடு நின்றது.

"இதுக்கு வால்வு எங்கம்மா இருக்கு?"

"வால்வே கிடையாதுப்பா. அதுக்காகத்தான் இத வாங்கினேன்."

"வால்வு இல்லாம ஒரு லைனா" என்று தலையை ஆட்டினார். அவருக்கு அது ஒப்பவில்லை. ஆனாலும் மகள் பக்கம் நின்றார்.

டப்பா கூடத்து மூலையில் உட்கார்ந்து பச்சை பச்சையாகக் கண்சிமிட்டியது. மூத்தவளின் மேஜைக்கு லைன் வந்தது. டிவியில் படம் தங்குதடையில்லாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, டப்பாவைப் பழித்தவனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். கையிருப்பு போர்ட் ஒன்றில் வயரைச் சொருகி, சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"என்ன, மேனேஜர் கீழ இறங்கி வந்திருக்கீங்க?" என்றாள்.

"மேல புழுக்கமா இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

திங்கட்கிழமை காலை. மூத்தவள் தலையை வாரி, நல்ல புடவையாக உடுத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் உடுத்தினாள். கம்ப்யூட்டரில் கம்பெனியின் பக்கம் திறந்திருந்தது. சோதனை தொடங்க வேண்டிய நேரத்துக்கு அது அப்படியே உறைந்து நின்றது. அப்புறம் வெள்ளையாகிவிட்டது.

கூடத்திலிருந்து இளையவன் குரல் வந்தது. டிபன் தட்டும் கையுமாக போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன். "போச்சு. வைஃபையும் போச்சு, டிவியும் போச்சு. மொத்த வீட்டையும் படுக்க வெச்சிருச்சு உன் டப்பா."

அவளுடைய போன் அடித்தது. கம்பெனிப் பெண். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. "உங்க லைன் எங்களுக்குத் தெரியவே இல்லையேங்க."

"சின்னக் கோளாறு மேடம். கொஞ்சம் பொறுங்க, சரி பண்ணிடறேன்."

"எனக்கு அடுத்த ஆளு காத்திருக்காங்க. அவங்களை முடிச்சுட்டுக் கூப்பிடறேன். அப்பவும் வரலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

இளையவன் கதவில் சாய்ந்து நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "அந்த டப்பாவைக் கழட்டிக் கடாசு. மேல வா, ரூட்டர்லயே நேரா மாட்டித் தரேன். என் ரூம்லயே உக்காந்து வேலை பாரு. நான் இருக்கற நேரமா மட்டும் பாத்து வந்துக்கோ."

அது நல்ல வழிதான். சட்டென்று நடக்கிற வழி. மாடி ஏறினால் போதும், சோதனையில் தேறிவிடலாம். அப்புறம் தினமும் அவன் எழுந்து கதவைத் திறக்கிறவரை வாசலில் நிற்க வேண்டும். அவனோடு சண்டை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. முதுகு போனபோது கிடங்கு மேஸ்திரி அவளை வெளியே அனுப்பினான். இங்கே முதுகு நன்றாக இருந்தாலும் இவன் அனுப்பலாம்.

"வேணாம். தள்ளு."

"அடம் பிடிக்காதக்கா. வேலை போயிடும்."

"போனா என் வேலை போகும். தள்ளுடா."

கூடத்து மூலையில் மண்டியிட்டாள். முதுகு சுளீரென்றது. டப்பாவின் விளக்குகள் எப்போதும் ஆளுக்கொரு தாளத்தில், கதை பேசுகிற மாதிரி மின்னும். இப்போது எல்லாமே ஒன்றாக, மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தாள். கிடங்கில் அடுக்கு சரிந்தால் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து ஓரம் வைக்க வேண்டும். ஒரு வயரை உருவினாள். அதன் விளக்கு அணைந்தது. மற்றவை துடித்தன. திரும்ப மாட்டினாள். இன்னொன்றை உருவினாள். அதேதான். மூன்றாவதை உருவியபோது அதன் விளக்கோடு பக்கத்து விளக்கும் சேர்ந்து அணைந்தது. துடிப்பும் அடங்கியது.

கையிலிருந்த வயரைத் தடவிக்கொண்டே போனாள். சோபாவுக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொண்டு, அது மறுபடியும் அதே டப்பாவுக்கே வந்து சேர்ந்தது. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில். உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் தன்னையே சுற்றிச் சுற்றி, வீட்டு லைன் முழுவதையும் அடைத்திருக்கிறது.

"இது உன் லேப்டாப் வயர். இதை யாருடா இங்க சொருகினது?"

"நானில்ல. நான் லேப்டாப்பைக் கழட்டிப் பையில வெச்சேன், அவ்வளவுதான். வயரை அப்படியே விட்டுட்டேன்."

குளியலறை வாசலில் துண்டோடு நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். "நான்தான்மா. ஒரு முனை வாயைப் பொளந்துக்கிட்டுத் தரையில கிடந்துச்சு. பக்கத்துலயே ஓட்டையும் சும்மா இருந்துச்சு. திறந்த முனைய எப்படி விட்டுட்டுப் போறது? கை கேக்கல."

நாற்பது வருஷமாக எந்த வீட்டிலும் ஒரு குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்ததில்லை அந்த மனிதர். அவரை என்ன சொல்வது?

"பாத்தியா?" என்றான் இளையவன். "நான் சொன்னதை வாங்கியிருந்தா இதை அதுவே கண்டுபிடிச்சு நிறுத்தியிருக்கும்."

"நிறுத்தியிருக்கும். நீ சொன்னது சரிதான்" என்றாள். அவன் எதிர்பார்க்கவில்லை. "அப்புறம் ஒருநாள் என்னையும் நிறுத்தியிருக்கும். இந்த டப்பான்னா நானே குனிஞ்சு, நானே கண்டுபிடிச்சுக்குவேன்."

அவனுடைய வயரை முழுவதுமாக உருவிச் சுருட்டி, அவன் கையிலேயே திணித்தாள். மேஜைக்குப் போய் உட்கார்ந்தபோது முதுகு கொதித்தது. பக்கம் திறந்தது. போன் அடித்தது.

"இப்ப வருதுங்க" என்றாள் கம்பெனிப் பெண். எண்களை வாசித்தாள், ஏதோ தட்டினாள். "வேகம் போதும். இன்னொண்ணு கேக்கணும். வேலை நடக்கறப்ப வீட்டுல வேற யாராவது இந்த லைனை நிறுத்த முடியுமா?"

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். இளையவன் சுருட்டிய வயரோடு கதவில் நின்றிருந்தான். முடியும். மாடியில் அவன் ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"முடியுங்க" என்றாள், அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ரூட்டர் என் தம்பி ரூம்ல இருக்கு. நிறுத்த மாட்டான். ஒரே ஒருதரம் நிறுத்தினான்னா, அன்னைக்கே ரூட்டரு என் ரூமுக்கு வந்துடும். கனெக்‌ஷன் எங்கப்பா பேர்ல. வயர் இழுக்கறதும் எங்கப்பாதான்."

கூடத்தில் அப்பா மறுபடியும் செருமினார். இந்தத் தடவை அது மகளுக்கு ஆமாம் போடுகிற செருமல்.

கம்பெனிப் பெண் சொன்னாள், "சரிங்க. முதல் வண்டி ஒண்ணு நின்னுக்கிட்டிருக்கு. டிரைவர் கத்திக்கிட்டிருக்காரு. குடுக்கட்டுமா?"

"குடுங்க" என்றாள்.